வண்டி திரும்பத் திரும்ப ஹீட் ஆகிறதா? காரணம் தேடுவோருக்கான கேள்வி பதில்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் புகார், "வண்டி ஹீட் ஆகுது" என்பதுதான். அதற்கு நடக்கும் வைத்தியமும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில், இன்ஜினின் மேல்மூடியைக் காட்டி, "ஹெட்டை இறக்கிப் பார்த்திரலாம் சார்." ஒவ்வொரு முறையும் பில் வரும், சூடு மட்டும் போகாது. பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் கார்க்காரர் தானே பார்த்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் ஏசியை அணையுங்கள். ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை கொஞ்ச தூரம் ஓட்டியே ஆகவேண்டும் என்றால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் காற்றையும் முழு வேகத்தில் விடுங்கள். மே மாதத்தில் ஹீட்டர் போடச் சொல்வது கிண்டலாகத் தோன்றும். ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது எடுத்து உங்கள் மேல் கொட்டிவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நீராவி வந்துகொண்டிருந்தால் அது அடங்கும்வரை பானெட்டைத் திறக்க வேண்டாம். அடங்கிய பிறகு திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றத் தொடங்கலாம் என்பதால் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை உடனே திருகுவது மிகப் பெரிய ஆபத்து. உள்ளே இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அழுத்தத்தில் இருப்பதால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது போகட்டும். ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர்க் குழாயை (மேல் ஹோஸ்) அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அப்போதும் தடிமனான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் வாங்கி, கொதிக்கும் இன்ஜினில் கவிழ்ப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கும் காரியம். அலுமினிய ஹெட்டில் விரிசல் விழ அது ஒன்றே போதும். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

காரணத்தைத் தேட எங்கிருந்து தொடங்குவது?

"எப்போது சூடாகிறது?" என்ற கேள்வியிலிருந்து. மெக்கானிக்கிடம் போனதும் பெரும்பாலானவர்கள் "என்ன கெட்டுப்போயிருக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு அவர் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். "எப்போது" என்பதை நீங்கள் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கியாக வேண்டும். அதற்குக் கூலன்ட் போதிய அளவு இருக்க வேண்டும், அது ஓட வேண்டும், ரேடியேட்டரைத் தாண்டிக் காற்று போக வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்பதை, சூடேறும் நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னலில் நின்றால் ஏறி, ஓடத் தொடங்கினால் இறங்குகிறதா? காற்றுப் பிரச்சினை. ஊருக்குள் ஒழுங்காக இருந்து பைபாஸில் வேகம் பிடித்தால் ஏறுகிறதா? ஓட்டத்தில் அல்லது ரேடியேட்டரின் கொள்திறனில் குறை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறதா? தெர்மோஸ்டாட், ஏர்லாக் (கூலன்ட் பாதையில் மாட்டிக்கொண்ட காற்று) அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு). எப்போது வேண்டுமானாலும் ஏறுகிறது, கூலன்ட்டும் குறைகிறது என்றால் முதலில் கசிவைத் தேட வேண்டும்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள். எவ்வளவு வேகத்தில், ஏசியோடா இல்லாமலா, ஏற்றத்திலா சமதரையிலா, கிளம்பி எவ்வளவு நேரத்தில் என்று. தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முள் சிவப்பைத் தொடும் வண்டியை இந்தச் சோதனைக்காக ஓட்டாதீர்கள். பாதிக்கு மேல் ஏறி இறங்கும் வண்டிக்குத்தான் இது.

டிராஃபிக்கில் மட்டும் சூடாகிறது. நேராக ஃபேன் மோட்டாரை மாற்றிவிடலாமா?

ஃபேன் சரி, ஆனால் மோட்டார்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்குப் பெரிதாக வேலை இல்லை. நிற்கும்போது எல்லாமே ஃபேனின் தலையில்தான். அதனால் சந்தேகம் அங்கே போவது நியாயம். ஆனால் ஃபேன் ஓடாததற்குக் காரணங்கள் பல.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில விநாடிகளில் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஃப்யூஸ் பாக்ஸில் அதே எண் போட்ட ரிலே வேறொன்றும் இருக்கும், பல வண்டிகளில் ஹாரனுக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் செலவில்லாமல் விடை கிடைத்துவிடும். மாறாக, ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது, ஏசி இல்லாமல் இன்ஜின் சூடேறும்போது ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரையும் அதற்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும். இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேன் உள்ள கார்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவதும் வழக்கம்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடு இறங்கவில்லையா? உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்த மோட்டார் பார்வைக்கு ஓடும், காற்றை இழுக்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மோட்டாரை மாற்றியவர் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை முன்பக்கமாகத் தள்ளும். வண்டி ஓட ஓட எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஒரு முழுத்தாள் காகிதத்தைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து வெளியே வந்தால் ஒயரைத் திருப்பிப் போட வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டரின் முகம். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் முன்னால் நிற்பதால் ரேடியேட்டர் கண்ணில் படாது. இரண்டுக்கும் நடுவில்தான் மண்ணும் பூச்சியும் அடைந்துகிடக்கும். உளுந்து, எள், கொள்ளுச் செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிகளை ஏறிப் போகவிட்டு அடித்தெடுக்கும் காலத்தில் அந்தப் பக்கம் போய்வந்த காரென்றால் கட்டாயம் பாருங்கள். தூசும் சருகும் ரேடியேட்டரின் உலோகத் துடுப்புகளில் அப்பிக்கொள்ளும். கழுவும்போது உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெல்லிய துடுப்புகள் மடங்கி, இருந்த இடைவெளியும் அடைபட்டுவிடும். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, ஏதோ வேலையின்போது கழற்றி மாட்டாமல் விட்டிருந்தாலோ, அதுவும் ஒரு காரணம். கூடு இல்லாத ஃபேன் தனக்கு நேராக உள்ள பகுதியை மட்டும்தான் குளிர்விக்கும்.

பைபாஸில் 90, 100 போனால்தான் முள் ஏறுகிறது. ஊருக்குள் ஒன்றுமில்லை.

அப்படியானால் ஃபேனை விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் இறக்கை ஆகிய மூன்றும்தான் முதல் சந்தேகம்.

ரேடியேட்டர் அடைப்பைக் கண்டுபிடிக்க, இன்ஜின் நன்கு சூடான பிறகு அணைத்துவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தை இடம் இடமாக அளக்க வேண்டும். சூடு சீராகக் குறைந்துகொண்டே போனால் நல்லது. நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கெல்லாம் கூலன்ட் போகவில்லை. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டி உடல் சூடு பார்க்க வாங்கிய கருவி இதற்கு ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் கருவி வேறு.

பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்து, உள்ளே கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். இப்போது வருபவை அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியுமாக இருப்பதால் அந்த வேலை பெரும்பாலும் நடக்காது. அடைத்தால் புதிதுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று, கீழ் ஹோஸ். பம்ப் கூலன்ட்டை உறிஞ்சுவது அந்த வழியாகத்தான். ஹோஸ் பழசாகி மெலிந்திருந்தாலோ, சில வண்டிகளில் அதற்குள் இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தாலோ, இன்ஜின் வேகமெடுக்கும்போது ஹோஸ் உள்வாங்கித் தட்டையாகிவிடும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) பார்த்தால் ஹோஸில் குறை எதுவும் தெரியாது. வண்டியை நிறுத்தி வைத்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மலை ஏறும்போது மட்டும் ஹீட் ஆவது சகஜம்தானே?

முழு ஆளும் சுமையும் ஏசியுமாக ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ ஏறினால் முள் கொஞ்சம் மேலே போவது சகஜம். சிவப்புக்குப் போவது சகஜமில்லை. நல்ல நிலையில் உள்ள கார் இந்த ஏற்றங்களைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. மலையில் மட்டும் தடுமாறுகிறது என்றால், சமதரையில் தெரியாத ஒரு குறையை மலை வெளியே கொண்டுவருகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பாதி அடைத்த ரேடியேட்டர்.

ஓட்டுபவரின் பங்கும் உண்டு. மைலேஜுக்காக மூன்றாவது கியரில் இன்ஜினைத் திணறத் திணற ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். இறக்கி இரண்டாவதில் போங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும், திணறலும் குறையும்.

ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடத்திலேயே முள் ஏறிவிடுகிறது.

மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பாருங்கள், கையைச் சுட்டுக்கொள்ளாமல். இன்ஜின் கொதிக்கிறது, ஹோஸ்களில் ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டியிருக்கலாம். கழற்றி எடுத்து, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். 82, 88 போன்ற எண்கள் இருக்கும். தண்ணீர் கொதிக்கும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பொய்யான விடை வரும்.

கூலன்ட் மாற்றிய பிறகோ, ஹோஸ் வேலை பார்த்த பிறகோ இது தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் ஏர்லாக். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடியைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து இன்ஜினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மட்டம் இறங்க இறங்கக் கூலன்ட் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். காற்று எடுக்கும் ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் அதையும் திறக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த வேலையைப் பாதியில் விட்டுவிடுவார்கள்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

சூடான பாகத்தின் மேல் சொட்டும் கூலன்ட் அங்கேயே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. இணைப்புகளில் வெள்ளையாகவோ, கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்குப் படிந்திருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, கிளாம்ப் இருக்கும் இடங்கள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. அந்தத் துளையில் ஈரமோ கறையோ இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது, காலம் கடத்த வேண்டாம். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால், பெல்ட் மாற்றும் வேலையோடு சேர்த்தே முடித்துவிடுவது லாபம். கூலி ஒன்றுதான்.

வண்டிக்குள்ளும் பாருங்கள். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாக, தித்திப்பான வாடையோடு இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர், கசிகிறது. டீசல் கார்களில், இன்ஜினுக்குத் திருப்பிவிடும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் நேராகப் புகையோடு போய்விடும். ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து ஹெட்டை இறக்கிய பிறகு குற்றவாளி ஈஜிஆர் கூலர் என்று தெரிந்தால், அந்தச் செலவு யார் தலையில்?

இதையெல்லாம் கண்ணால் தேடுவதைவிடச் சுலபமான வழி பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடிக்குப் பதில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் போதும். அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது. இன்ஜின் குளிர்ந்திருப்பதால் சொட்டும் இடமும் தெரியும். இந்தக் கருவி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் சூடேறும் வண்டியை விடாதீர்கள் என்பது என் கட்சி.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்கள். இறக்கும் முன் எப்படி உறுதி செய்வது?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான், ஏனென்றால் அதிகப் பணம் போவது இங்கேதான்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் கழித்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். ஹோஸ் இன்னும் சூடாகவில்லை, ஆனால் கல் மாதிரி விறைத்துவிட்டது என்றால், சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்ட்டில் புகுகிறது. சூட்டினால் வரும் அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் வராது. அதேபோல, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருக்கும். கூலன்ட் மாற்றிய புதிதில் கொஞ்ச நேரம் குமிழி வந்து நின்றுவிட்டால் அது ஏர்லாக் காற்று, பயப்பட வேண்டாம்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மலிவான ரசாயனச் சோதனை ஒன்று இருக்கிறது. நீல நிறத் திரவம் ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். டீசலுக்கு இது அவ்வளவு தெளிவாக விடை சொல்லாது. அங்கே சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும், அந்த அழுத்தம் எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டெஸ்ட்டும்தான் நம்பகம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், கூலன்ட் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருக்கும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறத்தில் படிந்திருந்தால் உடனே "கேஸ்கெட்" என்று சொல்லிவிடுவார்கள். அது மட்டும் போதாது. மழைக்காலத்தில் தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் ஈரம் சேர்ந்து அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே வெளுத்திருந்தால்தான் விஷயம் தீவிரம். அப்போது வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் தூக்கிக்கொண்டு போங்கள், பேரிங்குகளாவது மிஞ்சும்.

இவற்றில் ஒரு சோதனையாவது செய்து, முடிவை உங்களுக்குக் காட்டாமல் ஹெட்டில் கை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் எதையெல்லாம் வற்புறுத்த வேண்டும்?

ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். சிறு கார் இன்ஜின்கள் பலவற்றின் சர்வீஸ் புத்தகத்தில் அனுமதிக்கும் அளவு 0.05 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாத அளவு. அதைத் தாண்டினால் லேத்தில் ஃபேஸிங் போட, அதாவது மட்டமாகச் சீவ, வேண்டும். விரிசலுக்குப் பிரஷர் டெஸ்ட்டும் அங்கேயே செய்வார்கள். பிளாக்கின் மேற்பரப்பையும் அளக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒரே ஒரு முறை இழுக்கத்தான். புத்தகம் மாற்றச் சொன்னால் புதிது வாங்குங்கள். முறுக்குவது, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சால், சொல்லப்பட்ட வரிசையில். "கை கணக்கு தெரியும் சார்" என்பவரிடம் இந்த வேலை வேண்டாம்.

முக்கியமாக, கேஸ்கெட் ஏன் எரிந்தது? ஃபேன் ஓடாததால் வண்டி கொதித்து, அதனால் கேஸ்கெட் போயிருந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி என்ன பயன்? சில மாதத்தில் அதே வண்டி அதே இடத்தில் நிற்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டி வீசிடுங்க" என்கிறார் மெக்கானிக்.

நெடுநாளாக நடக்கும் பழக்கம், ஆனால் தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் வேலைச் சூட்டை எட்டத் தாமதமாகும், சிலசமயம் எட்டவே எட்டாது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், தேய்மானம் கூடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அந்தத் தட்டு மூடும். தெர்மோஸ்டாட்டை வீசிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும்.

பழைய கார் வாங்கியவர்கள், தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் ஒன்றாக வெதுவெதுப்பாகத் தொடங்கினால், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு? தண்ணீர் போதாதா?

சூட்டைச் சுமப்பதில் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை மற்றவற்றில். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் ஏறத்தாழ 107, 108 டிகிரிக்குப் போகும், அழுத்த மூடியும் சேர்ந்தால் 125-ஐத் தாண்டும். துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் கூலன்ட்டில்தான் இருக்கின்றன. இரும்பு, அலுமினியம், பித்தளை, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறும் இடம் அது. வெறும் தண்ணீரில் வாட்டர் பம்பின் இறக்கையே அரித்துப்போகும். பனிக்காக என்று பார்த்தால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு தங்குகிறவர்களுக்கு அதுவும் உதவும்.

தண்ணீரிலும் போர் தண்ணீர்தான் மோசம். சுடச்சுட அதில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு கல்லாகப் படியும். ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. வழியில் அவசரத்துக்கு ஊற்றினால் பரவாயில்லை, ஊர் வந்ததும் முழுதாக இறக்கி மாற்றிவிடுங்கள். கலப்பதற்கு பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு, சூட்டைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும். கலந்தே வருவதா, கலக்க வேண்டியதா என்று டப்பாவில் படியுங்கள். நிறத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் அவரவர் போடும் சாயம், எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. ஒத்துவராத இரண்டைக் கலந்தால் கட்டிதட்டலாம். வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைத்தான் ஊற்ற வேண்டும்.

ரேடியேட்டர் மூடியால்கூட சூடாகுமா?

ஆகும், கணிசமாகவே. குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. 0.9 அல்லது 1.1 என்று மேலே எண் போட்டிருக்கும். ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாகப் பொங்கிப்போகும். அதில் சின்ன வெற்றிட வால்வு ஒன்றும் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச வழிவிடுவது அதுதான். காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருக்கிறது என்றால் அந்த வால்வு அடைத்துவிட்டது. விலை குறைவு, அதே எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். "இன்னும் டைட்டா இருக்கட்டும்" என்று எண் கூடியதைப் போட்டால் பழைய ஹோஸ்கள் வெடிக்கும்.

என் காரில் முள்ளே இல்லை, விளக்குதான். எப்படிக் கண்காணிப்பது?

சிறு கார்கள் பலவற்றில் குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு என்று முடித்துவிட்டார்கள். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம்தான். முள் இருக்கும் வண்டியும் முழு உண்மை சொல்லாது. ஓட்டுநர் பதற்றப்படக் கூடாது என்று, ஓரளவு சூடு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள்.

2013-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். அதில் செருகும் புளூடூத் கருவி இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஃபோனில் கூலன்ட் வெப்பத்தை டிகிரிக் கணக்கில் காட்டும். சாதாரணமாக 85-லிருந்து 100-க்குள் ஆடிக்கொண்டிருக்கும். ஃபேன் எந்த டிகிரியில் ஓடத் தொடங்குகிறது, எத்தனையில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: கூலன்ட் முழுதாக வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், அளவு குறைத்தே காட்டலாம். முள் ஏறி, திடீரென்று கீழே விழுந்தால் "சரியாகிவிட்டது" என்று நினைத்து மிதிக்காதீர்கள்.

மஞ்சள் தூள் போட்டால் கசிவு நிற்குமாமே?

லாரி டிரைவர்களின் பழைய கைவைத்தியம். ஊசித்துளை அளவு கசிவென்றால் வீடு போய்ச் சேரும்வரை அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் திரவங்களும் அதே கதைதான். கசிவை மட்டும் அடைத்துவிட்டு நல்ல குழாய்களை விட்டுவிடும் அறிவு இரண்டுக்கும் இல்லை. போட்டிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. இன்னும் சூடாகிறதே?

அப்படியானால் கூலன்ட் சுற்றும் பாதைக்கு வெளியே பாருங்கள். ஒட்டிக்கொண்டு விடாத பிரேக், வழுக்கும் கிளட்ச், அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) எல்லாம் இன்ஜினுக்கு வீண் சுமை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றிலிருந்து மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வெளிக்கடையில் கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் அந்தக் கிட்டின் ரெட்யூசருக்கு (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) போகும் சிறு ஹோஸ்களைப் பாருங்கள். கேஸை இதமாக வைத்திருக்க இன்ஜின் கூலன்ட்டைத்தான் அங்கே திருப்பிவிடுகிறார்கள். அந்த இணைப்புகளில் கசிவும் காற்றும் புகுவது உண்டு, எந்தப் பட்டியலிலும் அது வராது.

இன்னும் ஒன்று, மாற்றிய பாகம் நல்ல பாகமா? புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட்டே திறக்காமல் இருப்பதும், மலிவு ரேடியேட்டர் பழையதைவிட மெலிந்த கோரோடு (குழாயும் துடுப்புமான நடுப்பகுதி) வருவதும் நடக்கிறது. பழைய பாகத்தை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் தடிமனை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

கீழே சிந்திய கூலன்ட்டை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். தெருநாயும் பூனையும் நக்கும். மண் அல்லது மரத்தூள் போட்டு ஒற்றியெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.